பழைய சுரங்கப் பங்குப் பத்திரம்: காசு வாங்கும் தேடல் நிறுவனமும் காசு வாங்காத நூலகமும்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இத்தோடு போய்விடலாம். வீட்டில் தாத்தா காலத்து ஈயச் சுரங்கப் பத்திரமோ (இங்கே ஈயம் என்பது வெள்ளீயம், அதாவது டின்) தங்கச் சுரங்கப் பத்திரமோ இருந்தால், "இன்றைய மதிப்பைக் கண்டுபிடித்துத் தருகிறோம்" என்று இணையத்தில் விளம்பரம் போடுகிறவர்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகக் கட்டடம் இருக்கிறது, 11ஆம் மாடிக்குப் போங்கள். பணம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கையில் இருப்பது என்ன, அதற்கு என்ன ஆயிற்று என்பது தெரிந்துவிடும், அதுவும் இலவசமாக.

இனி விவரம்.

என் அப்பாவின் தாத்தா மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கிட்டங்கி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நீளமான கடைவீட்டுக்குள் வரிசையாக ஆளுக்கொரு பெட்டியும் சாய்மேசையும், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதுவார்கள். அதை இடித்துவிட்டு அந்தப் பக்கம் கோல்டன் ஷூ கார் நிறுத்துமிடம் வந்தது, அதையும் இடித்து இப்போது கேப்பிட்டாஸ்பிரிங் நிற்கிறது. செட்டியார்களின் பணம் மலாயாவின் பேராக்கில் ஈயம் தோண்டிய சீன முதலாளிகளுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் கடனாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. யாருடைய சுரங்கத்தில் ஈயம் வருகிறது, யார் தவணை தள்ளிப் போடுகிறார் என்பதெல்லாம் கணக்கு எழுதுகிறவர் கண்ணில் படாமலா இருக்கும்? மனிதர் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கத் தொடங்கிவிட்டார்.

அவர் விட்டுப்போனது ஒரு பேரேடும் மூன்று வகைப் பத்திரங்களும். ஒன்று ரவுப் ஆஸ்திரேலியன் தங்கச் சுரங்கம். இன்னொன்று மலாயன் கோலியரிஸ். மூன்றாவதன் மேல்பாதியைக் கரையான் தின்றுவிட்டது, கம்பெனிப் பெயரில் "லிமிடெட்" மட்டும் மிச்சம், அடியில் ஒரு செயலாளரின் கையெழுத்தும் "ரெட்ரூத்" என்ற ஊர்ப்பெயரும். இத்தனை வருடமாக அத்தை வீட்டு அலமாரியில் நாப்தலின் உருண்டைகளோடு கிடந்தன. அத்தை வீடு மாறியபோதுதான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது, வந்த அரைமணி நேரத்தில் எல்லோரும் கோடீஸ்வரர் ஆகிவிட்டோம்.

இங்கேதான் அந்தத் தேடல் நிறுவனம் உள்ளே வருகிறது. பெயர் சொல்லப் போவதில்லை, இந்த வகை நிறுவனங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சு. சித்தப்பாதான் பிடித்தார்.

"லண்டன்ல ஆபீஸ் வச்சிருக்காங்கப்பா. தேடுறதுக்கு 180 வெள்ளி (டாலர்), பணம் கிடைச்சா அதுல பதினஞ்சு சதவீதம் அவங்களுக்கு, மீதி நமக்கு."

"கிடைக்கலைன்னா அந்த 180 வெள்ளி யாருக்கு சித்தப்பா?"

அதற்குப் பதில் வரவில்லை. அறிக்கை மட்டும் சில வாரம் கழித்து வந்தது. அட்டை பளபளப்பு. உள்ளே முதல் இரண்டு பக்கம் உலக ஈய வரலாறு, பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி. அப்புறம் ஒரு பக்கம் அவர்களைப் பற்றியே. பிறகுதான் விஷயம். மூன்று பத்திரத்துக்கும் ஒரே வரி: கம்பெனி தற்போது செயல்பாட்டில் இல்லை, மேல் தேடலுக்குத் தனிக் கட்டணம். இதைச் சொல்ல 180 வெள்ளியா என்று கேட்கலாம். ஆனால் எனக்கு அதைவிடக் கோபம் வந்தது வேறொன்றில். மலாயன் கோலியரிஸை "ஈய நிறுவனம்" என்று எழுதியிருந்தார்கள். கோலியரி என்றால் நிலக்கரிச் சுரங்கம் என்பது பெயரிலேயே இருக்கிறது! பத்திரத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டு சித்தப்பா போட்ட மின்னஞ்சலுக்கு ஒரு தானியங்கிப் பதில் வந்தது, அவ்வளவுதான்.

சரி, நூலகத்துக்கு வருவோம்.

லீ கோங் சியான் மேற்கோள் நூலகம் அந்தக் கட்டடத்தின் மேல்மாடிகளில் இருக்கிறது, பூகிஸ் எம்ஆர்டியிலிருந்து நடந்துவிடலாம். 11ஆம் மாடியில் சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்பு. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், கேட்க ஆள் இருக்கிறார்கள். நான் பத்திரங்களின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அங்கிருந்த நூலகர் கேட்ட முதல் கேள்வி, "பின்பக்கம் படம் எடுத்தீர்களா?" என்பதுதான். எடுக்கவில்லை, நாங்கள் யாருமே திருப்பிப் பார்த்ததில்லை. பத்திரம் கைமாறியிருந்தால் அந்தக் குறிப்பு பெரும்பாலும் பின்னால்தான் இருக்குமாம், ரத்துசெய்த முத்திரை, ஓட்டை போட்ட அடையாளம் எல்லாம் பார்க்க வேண்டுமாம். லண்டன் ஆபீஸ்காரர் இதைக் கேட்கவேயில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அவர் காட்டியது இரண்டு வழி. ஒன்று, அந்தக் காலத்து சிங்கப்பூர் நீரிணைக் குடியேற்ற விவரத்திரட்டுகள் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிதான் நீரிணைக் குடியேற்றம்). ஒவ்வொரு ஆண்டும் எந்தக் கம்பெனிக்கு யார் இயக்குநர், யார் முகவர், அலுவலகம் எங்கே என்று போட்டிருப்பார்கள். இன்னொன்று நியூஸ்பேப்பர்எஸ்ஜி. இது நூலக வாரியத்தின் பழைய பத்திரிகைத் தளம். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதல் நம் தமிழ் முரசு வரை அதில் இருக்கிறது. பழைய இதழ்களை வீட்டிலிருந்தே படிக்கலாம், சில பத்திரிகைகளின் பிற்கால இதழ்களுக்கு மட்டும் நூலகத்துக்கு வர வேண்டும். உண்மையில் இந்த விமர்சனமே அந்தத் தளத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

ஏனென்றால் அந்தக் காலப் பத்திரிகைகளில் பங்கு விலைப் பட்டியல் வரும். சுரங்கம், ரப்பர், பொது என்று பிரித்து, முகமதிப்பு, செலுத்திய தொகை, வாங்குவோர் விலை, விற்போர் விலை என்று பத்தி பத்தியாக. அதே பக்கத்தில் ஈயத்தின் அன்றைய விலை, ஒரு பிக்குலுக்கு இத்தனை வெள்ளி என்று. பிக்குல் சுமார் 60 கிலோ, ஒரு பிரிட்டிஷ் டன்னுக்கு 16.8 பிக்குல். சில பங்குக்கு விலை வெள்ளியில் இருக்கும், சிலதுக்கு ஷில்லிங் பென்ஸில். குழம்ப வேண்டாம், 1906இல் நீரிணை வெள்ளியை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டிவைத்துவிட்டார்கள், அதாவது 60 வெள்ளிக்கு 7 பவுன். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பட்டியல் முழுக்கப் படிக்கலாம்.

பட்டியல் மட்டுமில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தால் தலைவர் பேசியதை ஏறக்குறைய வரிக்கு வரி போட்டுவிடுவார்கள். எத்தனை அடி தோண்டினோம், மழை எப்படிக் கெடுத்தது, கூலி எவ்வளவு ஏறிற்று, இந்த வருடம் லாப ஈவு ஏன் குறைவு என்று எல்லாம். பங்குதாரர் யாராவது எழுந்து குதர்க்கமாகக் கேட்டிருந்தால் அதுவும் இருக்கும். பொழுது போவதே தெரியவில்லை.

ரவுப் கதையை அப்படித்தான் படித்தேன். மலாயாவின் பகாங்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் (சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரி) 1888இல் வந்து உட்கார்ந்ததும் தங்கம், ஈயம் என்று நிலம் வாங்க ஒரு ஓட்டமே நடந்திருக்கிறது. ஹாங்காங் பணத்தில் புஞ்சோம் என்று ஒரு தங்கக் கம்பெனி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பணத்தில் ரவுப். வில்லியம் பிபி என்பவர் 1889இல் தொடங்கியது. காட்டுக்குள் இயந்திரம் கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்த இடத்தில் 1900இல் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டி அந்த மின்சாரத்தில் சுரங்கம் ஓட்டியிருக்கிறார்கள். மலாயாவின் முதல் நீர்மின் நிலையம் அதுதான் என்கிறார்கள். கொள்ளுத்தாத்தா வாங்கியது இந்தப் பரபரப்பெல்லாம் அடங்கி வெகுகாலம் கழித்து. விலை விழுந்த பிறகு மலிவு என்று வாங்கியிருக்கிறார். நம் ஆட்கள் அன்றும் அப்படித்தான்.

மலாயன் கோலியரிஸ் வேறு ரகம். சிலாங்கூரில் ரவாங் பக்கம் பத்து ஆராங். 1913இல் கம்பெனி, பின்னணியில் தொழிலதிபர் ஜே. ஏ. ரஸல், கூடவே சீன முதலாளி லோக் இயூ. ரயிலுக்கும் மின் நிலையத்துக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் கரி போனது இங்கிருந்து. ரயில் ஓடும்வரை கரி விற்கும் என்று கணக்கப்பிள்ளை கணக்குப் போட்டிருப்பார், தப்பில்லாத கணக்கு. பேரேட்டில் லாப ஈவு வரவு வைத்த ஒரு பதிவை எடுத்து, அதே மாதத்துப் பத்திரிகையைத் தேடினேன். வரவு வைத்த தேதிக்குச் சில நாள் முன்னால் லாப ஈவு அறிவிப்பு இரண்டு அங்குல விளம்பரமாக உட்கார்ந்திருக்கிறது. பேரேட்டில் தொகை பழைய தமிழ் எண்களில், நூறுக்கும் பத்துக்கும் தனிக்குறி போட்டு. அதைப் படிக்க அத்தையைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது, அத்தைக்கு அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். விளம்பரத்தில் ஒரு பங்குக்கு இவ்வளவு என்று இருந்ததை எங்களிடமிருக்கும் பங்கு எண்ணிக்கையால் பெருக்கினால் அத்தை படித்த தொகை அப்படியே வந்தது. நூறு வெள்ளி கொடுத்தாலும் இந்தச் சுகம் கிடைக்காது.

ஆனால் அதே தேடலில் 1937 மார்ச்சும் வரும். பத்து ஆராங்கில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் சீனர்கள், வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள், போலீஸ் புகுந்து மீட்டது. பத்திரிகை அதைச் சட்டம் ஒழுங்குச் செய்தியாகவே எழுதுகிறது. கூலி எவ்வளவு, குத்தகைக்காரன் எவ்வளவு பிடித்துக்கொண்டான் என்பதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். எங்கள் பேரேட்டில் அந்த வருடமும் வரவு ஒழுங்காக விழுந்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டேன், ஒருவரும் பதில் போடவில்லை, எனக்கும் மேலே சொல்ல ஒன்றுமில்லை. சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. ரயில் எண்ணெய்க்கு மாறிய பிறகு கரி யாருக்கு வேண்டும்.

தேடும்போது சில விஷயம் கவனத்தில் இருக்கட்டும். பழைய அச்சின் பொடி எழுத்தைக் கணினி படித்துத் தருவதால் 3 எல்லாம் 8 ஆகும், பட்டியலில் பத்திகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எழுத்து வடிவத்தை நம்பாமல் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பெனியின் முழுப்பெயர் போட்டுத் தேடினால் பாதிதான் கிடைக்கும், தரகர்கள் சுருக்கித்தான் எழுதுவார்கள். ஊர்ப்பெயர், தலைவர் பெயர், முகவர் பெயர் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். "கலைப்பு" அறிவிப்பைத் தேட மறக்காதீர்கள். கம்பெனி எப்போது கலைந்தது, பங்குதாரர்கள் எந்தத் தேதிக்குள் உரிமை கோர வேண்டும் என்று விளம்பரம் போட்டிருப்பார்கள். அந்தத் தேதி போய்விட்டால் பத்திரம் காகிதம்தான். 1942 முதல் 1945 வரை மட்டும் பெரிய பள்ளம். ஜப்பானியர் காலத்தில் பல சுரங்கங்கள் நின்றன, பல கம்பெனிகளின் பதிவேடுகளே காணாமல் போயின.

1920களின் கடைசியில் வாங்கியவர்கள் பாடு தனிப் பரிதாபம். பத்து காஜாவில் 1913இல் முதல் தூர்வாரிக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு ஈயம் எடுப்பதே மாறிப்போனது, 1925க்கு மேல் ஈயம் விலை ஏற ஏற வாராவாரம் புதுக் கம்பெனி பங்கு வெளியிடுகிறது. 1926இல் லண்டன் சராசரி விலை டன்னுக்கு 290 பவுனுக்கு மேல். 1931இல் 120க்கும் கீழே. அந்த வருடம்தான் நாடுகள் கூடி உற்பத்திக்கு ஒதுக்கீடு போட்டார்கள். பட்டியலை மாதம் மாதமாகப் புரட்டினால் சில பெயர்களுக்கு நேரே வாங்குவோர் பத்தியில் ஒன்றுமே இருக்காது. விற்பவன் இருக்கிறான், வாங்க ஆளில்லை.

இப்போது சித்தப்பாவின் மனதை உடைத்த விஷயம். பேரேட்டில் நான்காவதாக ஒரு பெயர் இருந்தது, ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங். 1887இல் தொடங்கி, 1890 முதல் நம் பிரானி தீவிலேயே ஈயம் உருக்கிய கம்பெனி. தோண்டுகிறவன் ஜெயித்தாலும் தோற்றாலும் உருக்குகிறவனிடம்தான் வந்தாக வேண்டும். இன்றைக்கும் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் இருக்கிறது. பத்திரம் எங்கே என்று வீடெல்லாம் தேடினார்கள். பேரேட்டின் அடுத்த பக்கத்திலேயே பதில் இருந்தது: விற்ற தேதி, தரகு போக வந்த தொகை, எதிரே "மூத்தவள் கல்யாணச் செலவு". சித்தப்பா கைப்பேசியில் இன்றைய விலையைப் பார்த்துப் பெருக்கிக்கொண்டே இருந்தார். "மூத்தவள் என் அம்மா, அதை ஞாபகம் வச்சுக்கிட்டுப் பெருக்கு" என்றார் அத்தை.

மூன்றாவது பத்திரத்துக்கு வருகிறேன், நூலகத்துக்கு முழு மதிப்பெண் இதற்காகத்தான். "ரெட்ரூத்" என்று இருந்ததைப் பார்த்து நாங்கள் ஏதோ ஆள் பெயர் என்று நினைத்திருந்தோம். நூலகர் பார்த்ததும் சொன்னார், அது இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் இருக்கும் ஊர். காலங்காலமாக ஈயம் தோண்டியவர்கள் கார்ன்வால்காரர்கள். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் கோப்பெங், துரோனோ போன்ற கம்பெனிகள் எல்லாம் அங்கேதான் பதிவு அலுவலகம் வைத்திருந்தன. ஈப்போ பக்கம் சேற்றைக் கிளறினால் கணக்கு கார்ன்வாலுக்குப் போகும். ஆக மலேசியாவில் தேடுவதைவிட லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுவது நல்லது, கலைக்கப்பட்ட கம்பெனிகளின் கோப்புகள் அங்கே பிடி 31 (BT 31) என்ற வரிசையில் இருக்கின்றன, எல்லாக் கோப்பும் வைக்கப்படவில்லை என்றாலும். விவரத்திரட்டில் செயலாளர் பெயரை வைத்து இரண்டு கம்பெனிவரை நெருங்கிவிட்டோம்.

மலேசியாவில் உரிமை கோராத பணம் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, 1965ஆம் ஆண்டுச் சட்டம், தலைமைக் கணக்காயர் துறை பார்த்துக்கொள்கிறது, இ-குமிஸ் என்ற தளத்தில் தேடலாம். ஆனால் அடையாள எண் வைத்துத் தேடும் ஏற்பாடு அது. போருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவருக்கு அடையாள எண் ஏது? பிற்காலத்துப் பங்கு, வங்கிக் கணக்கு வைத்திருந்த அப்பா, மாமாக்களுக்கு வேண்டுமானால் போட்டுப் பாருங்கள். 1998இல் குளோப் (CLOB, சிங்கப்பூரில் மலேசியப் பங்குகள் கைமாறிய சந்தை) நின்றபோது மலேசியப் பங்குகளோடு மாட்டிக்கொண்ட சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு இந்த அலைச்சல் புதிதல்ல.

விற்கலாமா? பழம்பொருள் கடை ஒன்றில் கேட்டுப் பார்த்தோம், பத்திரத்துக்கு 15 வெள்ளி என்றார், கரையான் தின்றதை எடுத்துப் பார்க்கவே மறுத்துவிட்டார். சேகரிப்பவர்கள் படம் செதுக்கிய அழகான பத்திரத்துக்கும் பிரபலமான கையெழுத்துக்கும்தான் விலை கொடுப்பார்களாம். எங்களுடையதில் படமும் இல்லை, பிரபலமும் இல்லை. ரவுப் பத்திரத்தை அத்தை சட்டம் போட்டு மாட்டப் போகிறார். வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறேன், பழைய மை சீக்கிரம் வெளுத்துவிடும்.

ரெட்ரூத் பத்திரத்தை இரண்டு பக்கமும் படம் எடுத்து கியூவுக்கு எழுதுவது சித்தப்பா பொறுப்பு. யாராவது பணம் கட்டச் சொன்னால் கட்டுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.